குடலைக் கழுவும் முன் குடலைப் பாருங்கள்



வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் கேட்டிருந்தார்: "டீச்சர், அம்மாவுக்கு இரண்டு வருஷமா வயிறு சரியில்லை. எப்பவும் உப்புசம், பசியே இல்லைங்கிறாங்க. கேரளாவில் 14 நாள் பஞ்சகர்மாவுக்குப் பணம் கட்டலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?" இதே கேள்வி உறவுகளிடமிருந்தும் வருவதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. என் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேதிக்குச் சாப்பிடுவது நமக்குப் புதிதல்ல. லீவு விட்டதும் விளக்கெண்ணெய் குடிக்காத பிள்ளை அந்தக் காலத்தில் நாகை பக்கம் உண்டா? தேரையரின் பிணியணுகா விதி, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்தும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்தும் எடுக்கச் சொல்கிறது. ஆயுர்வேதத்தில் வமனம், விரேசனம், வஸ்தி, நஸ்யம், ரத்தமோட்சணம் என்று ஐந்து. இதையெல்லாம் கேலி செய்கிறவள் அல்ல நான்.

ஆனால் அந்த நூல்கள் எடுத்த எடுப்பில் பேதிக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. முதலில் வயது, உடல் பலம், செரிக்கும் சக்தி எல்லாம் பார்க்க வேண்டும். பிறகு சில நாள் மருந்து நெய் குடிக்கக் கொடுத்து, எண்ணெய் தேய்த்து வியர்க்க வைத்து, அதன் பிறகே பேதி. அது முடிந்தபின் நீர்த்த கஞ்சி, கெட்டிக் கஞ்சி, குழைந்த சோறு என்று படிப்படியாகச் சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும். கர்ப்பிணி, குழந்தை, தளர்ந்த முதியவர், ரத்தப்போக்கு உள்ளவர் ஆகியோருக்கு எச்சரிக்கையும் உண்டு. "ஒரே நாளில் குடல் சுத்தம்" என்று விளம்பரம் செய்பவர்கள் இதில் எதைப் பார்க்கிறார்கள்?

பெரிய ஆஸ்பத்திரியிலும் பேதிக்குக் கொடுக்கிறார்கள். கொலனோஸ்கோப்பிக்கு முதல் நாள் லிட்டர் கணக்கில் மருந்துத் தண்ணீர் குடிக்க வைப்பார்கள். அங்கே சுத்தம் செய்வது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக. நம்மில் பலர் சுத்தம் செய்வதோ, பார்க்காமலே இருந்துவிடலாம் என்பதற்காக. என் மனக்குறை இதுதான்.

காரணம் தெரிந்தால் வைத்தியம் எவ்வளவு சுலபம் என்பதற்கு உதாரணம் சொல்கிறேன். வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளுக்குக் கொக்கிப்புழு பாதத் தோல் வழியே ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். 2015-இல் தொடங்கிய குடற்புழு நீக்க நாளில் வகுப்பில் நானே அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்திருக்கிறேன். சப்பிச் சாப்பிட ஒரே மாத்திரை. வயிற்றுப்புண்ணும் அப்படித்தான். கவலையும் காரமும்தான் காரணம் என்று உலகமே நம்பியிருந்தது. 1982-இல் ஆஸ்திரேலியாவில் மார்ஷல், வாரன் என்ற இரு மருத்துவர்கள் ஒரு கிருமியைக் கண்டுபிடித்தார்கள். 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமி இருந்தால் இரண்டு வார மாத்திரையில் பெரும்பாலும் போய்விடும். எத்தனை முறை பேதிக்குச் சாப்பிட்டாலும் போகாது.

என் ஒன்றுவிட்ட அண்ணனை உறவுகள் மறந்திருக்க மாட்டீர்கள். மலச்சிக்கலும் பேதியும் மாறி மாறி வந்தது. இரண்டு முறை பணம் கட்டிக் குடல் சுத்தம் செய்துகொண்டார். ஒவ்வொரு முறையும் பத்து நாள் வயிறு லேசாக இருந்தது. அந்தப் பத்து நாள் நிம்மதியை நம்பி ஒன்றரை வருஷம் போய்விட்டது. ரத்தசோகை என்று தேடியபோதுதான் பெருங்குடலில் கட்டி இருப்பது தெரிந்தது. மலத்தில் ரத்தம் போனதை அண்ணியிடம்கூட அவர் சொல்லவில்லை. வெட்கம்! பேதி மருந்துக்கு யாரிடமும் எதையும் விவரிக்க வேண்டாம். அதனால்தான் அது நமக்குப் பிடித்துப்போகிறது.

ஆகவே என் வேண்டுகோள்: உடம்பு இளைத்தால், மலம் கறுத்தோ ரத்தத்தோடோ போனால், விழுங்கச் சிரமம் இருந்தால், வாந்தி நிற்காவிட்டால், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வயிற்றுத் தொல்லை தொடங்கினால், முதலில் ஓரத்தூர் மருத்துவக் கல்லூரிக்கோ தஞ்சாவூருக்கோ போய்க் காட்டுங்கள். காரணம் தெரியாத கடும் வயிற்றுவலியில் பேதி மருந்து தொடவே கூடாது. குடல்வால் வீங்கியிருந்தால் வெடித்துவிடும். பிரஷர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பேதியில் நீரும் உப்பும் இழந்தால் மயங்கி விழுவார்கள்.

பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்தபின், தாராளமாக ஆயுர்வேதமோ சித்தாவோ பாருங்கள். ஐந்தரை வருஷம் படித்துப் பட்டம் வாங்கியவரிடம், ரிப்போர்ட்டையும் மாத்திரைச் சீட்டையும் காட்டிவிட்டு வைத்தியம் செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு இருக்கிறது.

அந்த மாணவருக்கும் இதையே சொன்னேன். பணம் கட்டுவதற்கு முன் அம்மாவிடம் போனில் வெட்கப்படாமல் நாலு கேள்வி கேளப்பா. பிள்ளை கேட்டால் அம்மா சொல்லுவாங்க.

நலமோடு இருங்கள்.
உங்கள் டீச்சர்