அது போஸ் கொடுக்கவில்லை

மேட்டூர் அணையில் டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பதும் ஜனவரி 28-ல் நிறுத்துவதும் வழக்கம். நீர் இருப்பைப் பொறுத்துத் தேதி முன்பின் ஆகும். நிறுத்திய பிறகு வரும் மாதங்களில் காவிரி மெலிந்து போகும். ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் என்று நாமக்கல் மாவட்டத்தை ஒட்டி ஓடும் வழியில், கதவணைகள் தண்ணீரைத் தேக்கும் இடங்கள் போக மற்ற இடங்களில், மணல் திட்டும் கூழாங்கல்லும் வெளியே தெரியும். பையன்களுக்கு அது கிரிக்கெட் மைதானம். பட்டாணி உப்புக்கொத்திக்கு அதுதான் பிரசவ வார்டு.

பெயரே தெரியாதவர்களும் இந்தப் பறவையைப் பார்த்திருப்பார்கள். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது. எடை சுமார் 40 கிராம். கழுத்தில் கறுப்புப் பட்டை, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். விறுவிறு என்று ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு பூச்சியைக் கொத்தும், மறுபடி ஓடும். நிற்கும்போது மணலோடு மணலாகிவிடும். கேமராவில் ஃபோகஸ் செய்வதற்குள் ஆள் அங்கே இருக்காது. படம் எடுக்கப் போனவருக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான்!

ஆனால் கோடையில் இதே பறவை திடீரென்று தாராளமாக நடந்துகொள்ளும். பத்தடி தூரத்தில் வந்து நிற்கும். வாலை விரிக்கும், ஒரு இறக்கையைத் தொங்கவிட்டு இழுத்து இழுத்து நடக்கும். கேமராக்காரர் மகிழ்ந்துபோய் சுட்டுத் தள்ளுவார். "நல்லா போஸ் குடுத்துச்சு" என்ற வரியோடு படம் ஃபேஸ்புக்கில் ஏறும், லைக்குகள் குவியும்.

அது போஸ் கொடுக்கவில்லை. பக்கத்தில் எங்கேயோ முட்டை இருக்கிறது. "நான் அடிபட்டவள், என்னைப் பிடி, என் பின்னால் வா" என்று நரியையும் நாயையும் ஏமாற்ற அந்தப் பறவை வைத்திருக்கும் ஒரே தந்திரத்தைத்தான் கேமராவின் முன்னாலும் காட்டுகிறது.

அந்தக் கூட்டைக் கூடு என்று சொல்வதே அதிகம். மணலில் ஒரு சிறு குழி, சில சமயம் சுற்றிலும் நாலு பொடிக்கல். அதில் பெரும்பாலும் நான்கு முட்டைகள், கூழாங்கல் நிறத்தில், புள்ளி புள்ளியாக. தேடி வருபவர் கண்ணுக்கே தப்பும் என்றால், போஸ் கொடுக்கும் பறவையைத் துரத்திக்கொண்டு நடப்பவர் காலுக்கு என்ன தெரியும்? மிதித்த பிறகும் தெரியாமலே வீட்டுக்குப் போய்விடலாம்.

மிதிக்காவிட்டாலும் ஆபத்து இருக்கிறது. சேலம், நாமக்கல் பக்கத்துச் சித்திரை வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த மணலில் செருப்பில்லாமல் நடக்க முடியாது. அங்கே தாயும் தந்தையும் முறை வைத்து முட்டைமேல் உட்காருவது சூடேற்ற மட்டும் இல்லை, நிழல் கொடுக்கவும்தான். வெயில் கடுமையானால் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து உட்காரும் பழக்கமும் இந்த இனத்துப் பறவைகளுக்கு உண்டு. நல்ல கோணம் கிடைக்கும்வரை ஒருவர் அரைமணி நேரம் அங்கேயே நின்றால், அந்த அரைமணி நேரமும் முட்டைக்குக் குடை கிடையாது.

கூட்டில் வைத்துப் படம் எடுப்பது ஒரு காலத்தில் மரியாதையான வழிதான். 1949-ல் வந்த லோதரின் இந்தியப் பறவைப் படப் புத்தகம் பெரும்பாலும் கூட்டருகே மறைவிடம் கட்டி எடுத்த படங்களால் ஆனது. அன்றைய லென்ஸுக்கு வேறு வழி இல்லை. இன்றைக்கு அந்தச் சாக்கு செல்லாது. 2015-ல் வந்த நிக்கான் பி900 ஒன்றே 83 மடங்கு ஜூம் தந்தது. சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதற்குச் சொல்லும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் சேர்த்தி. துப்பாக்கி வைத்திருந்தால்தான் வேட்டை என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

"மணல் அள்ளி ஆற்றையே காலி பண்றாங்க, ஒரு போட்டோ எடுத்தா என்ன ஆயிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். லாரி ஒரே நாளில் செய்யும் சேதத்தைக் கேமராக்காரர்கள் ஒரு வருஷத்திலும் செய்ய முடியாது. ஆனால் எந்த லாரிக்காரரும் தன்னைப் பறவை ஆர்வலர் என்று சொல்லிக்கொள்வதில்லை. அதோடு, அந்தத் திட்டில் பறவை இருக்கிறது என்பதற்கு நாளைக்குச் சாட்சி வேண்டுமென்றால் படம்தான் சாட்சி. கூட்டை விட்டுவிட்டு, இரை தேடும் பறவையைத் தள்ளி நின்று எடுத்து, தேதியும் ஊரும் போட்டு இ-பேர்டில் ஏற்றினால் அது ஒரு பதிவு. கூட்டுக்கு வழி சொல்லிப் போடும் படம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரை அதே குழிக்குக் கூட்டி வரும்.

ஆசை தீரப் படம் எடுக்கப் பனிக்காலம் இருக்கிறது. வடதுருவத்துக் குளிர் நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு வரும் கொசு உள்ளானும், வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் உள்ளானும் அப்போது ஏரிச் சேற்றிலும் ஆற்றோரத்திலும் மேயும். துரத்தினால் பறந்துவிடும். விடியற்காலையில் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சேற்றில் குப்புறப் படுத்து அசையாமல் கிடந்தால் மேய்ந்துகொண்டே தானாகக் கிட்டே வரும். பறவையின் கண்மட்டத்தில் கேமரா இருப்பதால் படமும் நன்றாக வரும். ஜீன்ஸ் போனது போனதுதான். வீட்டில் திட்டு விழும்.

கோடையில் ஆற்றுக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது ஒன்றுதான். பறவை இறக்கையை இழுத்துக்கொண்டு நடந்தாலோ, விடாமல் கத்திக்கொண்டு சுற்றினாலோ, கேமராவை இறக்கிவிட்டு, வந்த கால்தடத்திலேயே திரும்பி நடக்க வேண்டும். நன்றாகத் தள்ளிப் போய் உட்கார்ந்து பார்த்தால், கொஞ்ச நேரத்தில் ஒடிந்த இறக்கை தானாகச் சரியாகிவிடும். அக்கம்பக்கம் பார்த்தபடி ஓடி, நின்று, மறுபடி ஓடி, வெறும் மணல் மாதிரித் தெரியும் ஒரு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.