மகனுக்கு விளையாட்டு, அம்மாவுக்குத் தொடர்: எந்த டெலிவிஷன் வாங்குவது?

சென்னையில் டெலிவிஷன் நிலையம் தொடங்கியது 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி. அப்போது தெருவில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தாலே பெரிய சங்கதி. படம் கறுப்பு வெள்ளை. 1982-ல் வண்ணம் வந்தது. 2006-ல் தமிழக அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய வண்ணப் பெட்டி 14 அங்குலம். அதை வாங்கியவர்களுக்குக் குழப்பமே இல்லை. கொடுத்ததை வாங்கினார்கள். கேபிளை மாட்டினார்கள். படம் தெரிந்தது.

இன்று கடைக்குப் போனால் சுவர் முழுவதும் திரை. ஒவ்வொன்றின் மேலும் எண்கள். 43, 55, 65 என்று அங்குலக் கணக்கு. 4கே, 8கே என்று ஒரு கணக்கு. 60 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸ் என்று இன்னொரு கணக்கு. பெரிய எண் போட்ட பெட்டிதான் நல்ல பெட்டி என்று நினைத்து, இரண்டு வருடத் தவணைக்குக் கையெழுத்துப் போடுகிற குடும்பங்கள் பல.

அந்த எண்களில் பாதி, அந்த வீட்டுக்குத் தேவையே இல்லாதவை. விளையாடுகிற பிள்ளைக்கு மிகவும் தேவையான ஓர் எண்ணோ, பெரும்பாலும் சீட்டிலேயே இருப்பது இல்லை!

கிளி பறக்கிறது

ஒரு குடும்பம் கடைக்குள் நுழைகிறது. அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகன். அப்பாவுக்குச் செய்தி வேண்டும். அம்மாவுக்கு இரவுத் தொடர்கள். மகனிடம் வீடியோ கேம் மிஷின் இருக்கிறது.

"55 அங்குலம் சார். 4கே. படம் கண்ணாடி மாதிரி இருக்கும்" என்கிறார் விற்பனையாளர்.

திரையில் ஒரு பச்சைக்கிளி பறக்கிறது. இறகு இறகாகத் தெரிகிறது. அப்பா சொக்கிப் போகிறார். மகன் ஏற்கனவே அந்தப் பெட்டியைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டான், மனதுக்குள்!

"தம்பி, இதிலே நம்ம வீட்டுல வர்ற மாதிரி கேபிள் சானல் ஒண்ணு போட்டுக் காட்டுப்பா" என்கிறார் அம்மா.

விற்பனையாளர் தலையைச் சொறிகிறார்.

அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. அந்தக் கிளி, கடைக்காகவே எடுத்த கிளி. உயர்ந்த காமிராவில் எடுத்து, பளிச்சென்று தெரிய மெருகேற்றிய படம் அது. பெட்டியும் 'கடை நிலை'யில் வைக்கப்பட்டிருக்கும். கடையின் விளக்கு வெளிச்சத்தை மீறித் தெரிவதற்காக, வெளிச்சத்தையும் வண்ணத்தையும் உச்சத்தில் ஏற்றி வைப்பார்கள். அதே பெட்டியை அதே நிலையில் வீட்டுக் கூடத்தில் வைத்தால் கண் கூசும். மனிதர் முகம் தக்காளி நிறத்தில் இருக்கும்.

ஒரு புள்ளி இருபது புள்ளி ஆகிறது

டெலிவிஷன் படம் என்பது புள்ளிக் கோலம் மாதிரி. சிறு சிறு புள்ளிகள் சேர்ந்து படமாகத் தெரிகின்றன. 4கே பெட்டியில் ஒரு வரிசைக்கு 3,840 புள்ளிகள். அப்படி 2,160 வரிசைகள். மொத்தம் 82 லட்சத்து 94 ஆயிரத்து 400 புள்ளிகள்.

கேபிளில் வரும் சாதாரணச் சானலில் எத்தனை? நிறைய என்று சொன்னாலும் ஒரு வரிசைக்கு 720. வரிசைகள் 576. மொத்தம் 4 லட்சத்து 14 ஆயிரத்து 720. கணக்குப் போட்டால், வருகிற ஒவ்வொரு புள்ளியையும் பெட்டி 20 புள்ளியாக்கித் திரையை நிரப்ப வேண்டும். வந்தது ஒன்று, மீதி 19-ம் பெட்டியின் ஊகம்! ஓர் ஆள் சோற்றை இருபது இலையில் பரிமாறுகிற வேலை அது. நல்ல பெட்டி அதைக் கொஞ்சம் சாமர்த்தியமாகச் செய்யும். மட்டமான பெட்டியில் கதாநாயகியின் முகம் மெழுகுப் பொம்மை போல வழவழப்பாகிவிடும். திரை பெரிதாகப் பெரிதாக இந்தக் குறை இன்னும் நன்றாகத் தெரியும்.

4கே வேண்டாம் என்பது அல்ல. 43 அங்குலத்துக்கு மேல் கடையில் இருப்பதில் பெரும்பாலானவை இப்போது 4கே பெட்டிகள்தான். இன்டர்நெட்டில் 4கே படங்கள் வருகின்றன. ஆனால் அதற்கு வீட்டு இணைப்பில் நொடிக்கு 15 மெகாபிட் வேகமாவது இருக்க வேண்டும். சில படக் கம்பெனிகள் 4கே-க்குக் கூடுதல் சந்தாவும் கேட்கின்றன. இதை எல்லாம் கூட்டிப் பார்த்த பிறகே அந்த எண்ணுக்குப் பணம் தர வேண்டும்.

8கே? அதில் 3 கோடியே 31 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். அந்த அளவில் எடுத்த படம் வீட்டுக்கு வருவதே அபூர்வம். வந்தாலும், 55 அங்குலத் திரையில் 4கே-க்கும் 8கே-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க மூன்றரை அடிக்குள் போய் உட்கார வேண்டும். கூடத்தில் யாரும் அப்படி உட்காருவது இல்லை.

தூரம்தான் அங்குலத்தையும் முடிவு செய்கிறது. கடைக்குக் கிளம்பும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தையல் டேப்பை எடுத்து, பெட்டி வைக்கும் சுவரில் இருந்து ஆட்கள் உட்காரும் இடம் வரை அளக்க வேண்டும். 6 அடி இருந்தால் 43 அங்குலம் தாராளம். ஏழெட்டு அடி இருந்தால் 55 அங்குலம் பொருந்தும். அங்குலம் என்பது மூலைக்கு மூலை குறுக்கே அளப்பது. 55 அங்குலப் பெட்டியின் அகலம் 4 அடி. அந்த 4 அடியில் சாமி படமோ, ஜன்னலோ, அலமாரிக் கதவோ குறுக்கே வராமல் இருக்க வேண்டும்.

மகனின் மிஷின்

இப்போது மகன் பக்கம் வரலாம். "விளையாட்டுக்கு என்று தனியாக டெலிவிஷனா?" என்று பெரியவர்கள் சிரிப்பது உண்டு. சிரிக்க வேண்டியது இல்லை. தொடர் பார்ப்பதற்கும் விளையாடுவதற்கும் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறது.

தொடர் பார்க்கும்போது படம் கொஞ்சம் பிந்தி வந்தால் யாருக்கும் தெரியாது. மாமியார் பத்தில் ஒரு நொடி பிந்திக் கோபித்தால் என்ன நஷ்டம்? விளையாட்டில் அப்படி அல்ல. பையன் பொத்தானை அமுக்குகிறான். மிஷின் படத்தை மாற்றுகிறது. டெலிவிஷன் அந்தப் படத்தை வாங்கி, மெருகேற்றி, பிறகுதான் திரையில் காட்டுகிறது. இந்த மெருகு வேலைக்கே சில பெட்டிகள் பத்தில் ஒரு நொடி, சில சமயம் அதற்கு மேலும், எடுத்துக்கொள்கின்றன. கிரிக்கெட்டில் வேகப்பந்து கையை விட்டுப் புறப்பட்டு பேட்ஸ்மேனை அடைய ஆகும் நேரமே சுமார் அரை நொடிதான். அதில் ஐந்தில் ஒரு பங்கைப் பெட்டி விழுங்கிவிட்டால் ஆட்டம் என்ன ஆகும்? தோற்ற பையன் தன் விரலை நொந்துகொள்கிறான். குற்றவாளி சுவரில் தொங்குகிறது!

இந்தத் தாமதம்தான் சீட்டில் போடாத எண். இதற்குப் பரிகாரம், பெட்டியில் உள்ள 'கேம் மோட்' என்ற நிலை. அதைப் போட்டால் மெருகு வேலை பெரும்பாலும் நின்றுவிடும். நல்ல பெட்டிகளில் தாமதம் ஐம்பதில் ஒரு நொடிக்கும் கீழே இறங்கும். கேம் மோட் இருக்கிறதா என்று கடையில் கேட்பதோடு நிற்காமல், போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.

அடுத்தது ஹெர்ட்ஸ். ஒரு நொடியில் எத்தனை தடவை திரையில் படம் மாறுகிறது என்பதுதான் அது. 60 ஹெர்ட்ஸ் என்றால் 60 தடவை. 120 என்றால் 120 தடவை. ஓட்டமும் துப்பாக்கிச் சண்டையும் உள்ள விளையாட்டுகளில் 120 வழவழவென்று ஓடும். ஆனால் மிஷினும் அதற்கு ஈடு கொடுக்க வேண்டுமே! 2013-ல் வந்த பிளேஸ்டேஷன் 4 தருவது நொடிக்கு 60 படம்தான். அதை வைத்திருக்கும் வீட்டில் 120 ஹெர்ட்ஸுக்குச் செலவிடும் பணம் விளையாட்டுக்கு உதவாது. இந்தியாவுக்கு 2021-ல் வந்த பிளேஸ்டேஷன் 5 நொடிக்கு 120 படம் தரக்கூடியது. ஆகவே, மகனை முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "உன் மிஷின் எது?" போனிலேயே விளையாடுகிற பையன் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். போன் படத்தைக் கம்பி இல்லாமல் டெலிவிஷனுக்கு அனுப்பினால் தாமதம் இன்னும் கூடும்.

இங்கே இரண்டு ஏமாற்றங்கள் இருக்கின்றன. ஒன்று, 'மோஷன்' என்றும் வேறு அலங்காரப் பெயர்களிலும் போடும் 120, 240 போன்ற எண்கள். அவற்றில் பல, திரையின் சொந்த வேகம் அல்ல. "திரையின் சொந்த வேகம் எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். பதில் 60 என்று வந்தால் 60-க்கு உரிய விலைதான் தர வேண்டும்.

இரண்டாவது, பின்னால் உள்ள துளைகள். 4கே படம் 120 வேகத்தில் வருவதற்கு எச்.டி.எம்.ஐ. 2.1 தரத்தில் துளை வேண்டும். நான்கு துளை இருக்கும் பெட்டியில் இரண்டு மட்டுமே அந்த வேகத்துக்கு உரியதாக இருப்பது உண்டு. அந்த இரண்டில் ஒன்றுதான் ஸ்பீக்கர் மாட்டும் துளையாகவும் இருக்கும். ஸ்பீக்கரை மாட்டினால் விளையாட்டு மிஷினுக்கு மிஞ்சுவது ஒன்றே ஒன்று. இதைப் பெட்டியின் பின்புறம் போய்ப் பார்த்துவிட வேண்டும். அப்பாவுக்கு அது கௌரவக் குறைவு என்று தோன்றினால் மகனை அனுப்பலாம்.

கறுப்பு கறுப்பாக இருக்கிறதா?

படத்தின் அழகு புள்ளிகளின் எண்ணிக்கையில் இல்லை. கறுப்பு எவ்வளவு கறுப்பாகவும், வெள்ளை எவ்வளவு வெள்ளையாகவும் தெரிகிறது என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. இரவுக் காட்சியைப் போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்படும். மட்டமான பெட்டியில் இருட்டு, சாம்பல் கரைத்த தண்ணீர் போல் இருக்கும்.

சாதாரண எல்.இ.டி. பெட்டியில் திரைக்குப் பின்னே விளக்கு எரிகிறது. அதனால் கறுப்பு முழுக் கறுப்பாக வருவது கடினம். பின்விளக்கைப் பகுதி பகுதியாக அணைக்கக்கூடிய பெட்டிகளில் இந்தக் குறை குறையும். இன்னொரு சங்கதி, பக்கவாட்டுப் பார்வை. சில திரைகளை நேரே பார்த்தால் கறுப்பு நன்றாக இருக்கும். ஓரத்தில் இருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். வேறு சில, எந்தப் பக்கம் இருந்தும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் கறுப்பு சுமார்தான். கூடத்தில் பாய் விரித்துப் பத்துப் பேர் பரவி உட்காரும் வீடு என்றால், கடையிலேயே ஓரத்துக்கு நகர்ந்து நின்று பார்ப்பது நல்லது. பாட்டியின் நாற்காலி எப்போதும் ஓரத்தில்தான் இருக்கிறது!

ஓ.எல்.இ.டி. என்ற உயர்ந்த வகையில் ஒவ்வொரு புள்ளியும் தானே விளக்கு. தேவை இல்லாதபோது முழுதும் அணைந்துவிடும். கறுப்பு, மை போல இருக்கும். விளையாட்டுக்கும் சினிமாவுக்கும் இதற்கு இணை சொல்வது கடினம். விலை அதிகம் என்பது ஒரு பக்கம். காலை முதல் இரவு வரை செய்திச் சானல் ஓடுகிற வீட்டுக்கு இது ஏற்றதா என்பது மறு பக்கம். அசையாத சானல் முத்திரையும், அடியில் உள்ள செய்திப் பட்டையும் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் எரிந்தால், அந்த இடம் தேய்ந்து நிழல் போல் தழும்பு விழக்கூடும். இப்போது வரும் பெட்டிகளில் இதைத் தடுக்க வழிகள் செய்திருக்கிறார்கள். என்றாலும், அப்பா செய்திப் பிரியர் என்றால் பின்விளக்குப் பெட்டியே நிம்மதி.

எச்.டி.ஆர். என்ற எழுத்தைப் பார்த்தும் மயங்க வேண்டாம். சூரிய ஒளியைச் சூரிய ஒளி போலவே காட்டும் முறை அது. அதற்குத் திரை நன்றாக ஒளிர வேண்டும். மலிவான பெட்டிகள் பல அந்தப் படத்தை வாங்கிக்கொள்ளும். ஒளிர்ந்து காட்டத் திராணி இருக்காது.

பணம்

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டெலிவிஷன்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 40 ஆயிரம் ரூபாய் விலை உள்ள பெட்டியில் இது 4 ஆயிரம் ரூபாய் மிச்சம். "அந்த மிச்சத்துக்கு இன்னும் 10 அங்குலம் பெரிதாக எடுத்துக்கொள்ளலாமே சார்" என்று கடையில் ஆசை காட்டுவார்கள். அளந்து வந்த தூரம் மாறவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வட்டி இல்லாத் தவணை என்ற விளம்பரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூஜ்ய வட்டி என்று ஒன்று உண்மையில் கிடையாது என்று 2013-ம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்கு எழுதியது. வட்டி, கட்டணம் என்ற பெயரிலோ, கொடுக்காமல் நிறுத்திக்கொண்ட தள்ளுபடி என்ற உருவத்திலோ ஒளிந்திருக்கும். "ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை?" என்று ஒரு தடவை கேட்டால் அது வெளியே வந்துவிடும். கையில் உள்ள பணத்துக்கு 65 அங்குல மட்டப் பெட்டியும் வரும். 50 அங்குல நல்ல பெட்டியும் வரும். இரண்டில் சிறியதை எடுத்துக்கொண்டு வருகிற வீட்டில் அம்மாவுக்கும் சண்டை இல்லை. மகனுக்கும் சண்டை இல்லை.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்றும் கொஞ்சம் வேலை இருக்கிறது. இந்தக் காலப் பெட்டிகள் கனம் குறைவு. இரண்டு மெல்லிய கால்களில் நிற்பவை. தவழ்ந்து நிற்கப் பழகும் குழந்தை உள்ள வீட்டில் மேஜை மேல் வைக்காமல் சுவரில் இறுக்கி மாட்டிவிட வேண்டும். மாட்டுகிறவர் போவதற்கு முன் 'கடை நிலை'யை 'வீட்டு நிலை'க்கு மாற்றச் சொல்ல வேண்டும். மகனின் மிஷினை உரிய துளையில் செருகி, கேம் மோட் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு, முழு வெள்ளையாக ஒரு படத்தைத் திரையில் போட்டு மூலை மூலையாகப் பார்க்க வேண்டும். எரியாத புள்ளி இருந்தால் கரும்பொட்டாகத் தெரியும். தெரிந்தால், அவர் இருக்கும்போதே பில்லில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.