உலகில் அரிசி மலிவு. கடையில் ஏன் இல்லை?

உலக அரிசிச் சந்தை இரண்டே ஆண்டுகளில் தலைகீழாக மாறியது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத பச்சரிசியின் ஏற்றுமதியை இந்தியா தடை செய்தது. அடுத்த மாதம் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி விதித்தது. தாய்லாந்து அரிசியின் விலை டன்னுக்கு 600 டாலரைத் தாண்டியது. 2024 செப்டம்பர் முதல் இக்கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாக நீங்கின. 2025இல் அதே அரிசி 400 டாலருக்கும் கீழே இறங்கிற்று.

விளைச்சலும் இதற்கு ஒரு காரணம். அமெரிக்க விவசாய இலாகாவின் மதிப்பீட்டின்படி, 2024-25இல் உலக உற்பத்தி சுமார் 54 கோடி டன். சீனாவை முந்திய இந்தியாவின் பங்கு சுமார் 15 கோடி டன்.

ஆனால் விளையும் அரிசியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே நாடு விட்டு நாடு செல்கிறது. அதிலும் சுமார் ஐந்தில் இரண்டு பங்கு இந்திய அரிசி. ஆகவே டில்லி கதவை அடைத்தால் மற்ற நாடுகளில் விலை ஏறுகிறது. திறந்தால் அங்குள்ள விவசாயிகள் கலங்குகிறார்கள். தன் விவசாயிகளைக் காக்க, பிலிப்பைன்ஸ் 2025 செப்டம்பர் முதல் சில மாதங்களுக்கு இறக்குமதியையே நிறுத்தி வைத்தது.

உலக விலை சரிந்தால் மும்பைக் கடையிலும் சரிய வேண்டாமா? அப்படி நடப்பதில்லை. உள்நாட்டு விலைக்கு அடிப்படை சர்க்காரின் கொள்முதல் விலை. சாதாரண ரக நெல்லுக்கு 2023-24இல் குவிண்டாலுக்கு 2,183 ரூபாய். 2025-26இல் 2,369 ரூபாய். நெல்லில் மூன்றில் இரண்டு பங்கே அரிசியாகிறது. அரவைக் கூலி, லாரி வாடகை சேராமலே கிலோ 35 ரூபாய் அடக்கமாகிறது. உழவருக்கு இவ்விலை அவசியமே, குறை கூறுவதற்கில்லை.

அப்படியானால் கூலிக்காரருக்குப் பாதுகாப்பு ரேஷன் கடைதான். அரிசிக்குப் பஞ்சமில்லை. 2025 ஜூன் தொடக்கத்தில், அரைக்காத நெல்லையும் சேர்த்து, அரசுக் கையிருப்பு தேவையான அளவைப் போல் நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. எதனால் ஆலைகளுக்கே கிலோ 22 ரூபாய் 50 காசுக்கு அரிசி தரப்பட்டது.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் முன்னுரிமைக் குடும்பங்களுக்கு மாதம் தலைக்கு 5 கிலோ தானியம் இலவசம். ஒரே நாடு, ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. ஊரில் அட்டை உள்ளவர் தம் பங்கை வேலை செய்யும் இடத்திலேயே கைரேகை வைத்து வாங்கலாம். மீதியை வீட்டார் ஊரில் வாங்கலாம்.

இடர்ப்பாடு வேறொன்று. தமிழ்நாட்டில் முன்னுரிமை அல்லாத அட்டைகளுக்கும் மாநில அரசு இலவச அரிசி தருகிறது. அந்த அரிசி மாநில எல்லையைத் தாண்டாது. அந்த அட்டையுடன் மும்பைக்கு வந்தவர் முழு விலை கொடுத்தே வாங்க வேண்டியிருக்கிறது. மாநில அரசுகள் தமக்குள் கணக்குத் தீர்த்துக்கொண்டு இந்த அரிசிக்கும் வழிவிட வேண்டும். கிடங்குகள் நிறைந்திருக்கும்போதே இதைச் செய்வது எளிது. பருவமழை பொய்த்த ஆண்டில் இதைப் பற்றிப் பேசக்கூட யாரும் முன்வர மாட்டார்கள்.