பதினாறு மில்லிசெகண்ட் சம்பளம்

"இன்னா மாமா, தத்தித் தத்திப் போவுது?" என்றான் அக்கா பையன்.

போனது 'ஜி.டி.ஏ. ஃபைவ்'. 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்த விளையாட்டு. கார் திருடி, போலீஸுக்கு டிமிக்கி கொடுக்க வேண்டும். நான் வாங்கித் தந்த செகண்ட் ஹாண்ட் கம்ப்யூட்டரிலோ, எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டியது போல கார் நகர்ந்தது. போலீஸ்காரர் நடந்து வந்தே பிடித்துவிட்டார்.

"ரிச்சி ஸ்ட்ரீட்ல கிராஃபிக்ஸ் கார்டு இருவதாயிரமாம் மாமா."

எழுதிப் பிழைக்கிறவனிடம் கேட்கிற தொகையா இது? ஆனால் 'பிளஸ் டூ பாஸ் பண்ணு, நல்ல கம்ப்யூட்டர்' என்று அக்கா எதிரில் வாக்குக் கொடுத்தவன் நான். பையன் பாஸ் பண்ணித் தொலைத்துவிட்டான். மானப் பிரச்னை!

நான் பி.காம். எதையும் பட்ஜெட்டாகப் பார்த்தால்தான் புரியும். விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓட வினாடிக்கு 60 படம் வேண்டும். ஒரு படம் வரைய 16.6 மில்லிசெகண்ட். அதுதான் சம்பளம். கார், கட்டடம், கடல் எல்லாச் செலவும் அதற்குள் முடிய வேண்டும். மீறினால் திரையில் திக்கல். (சினிமா 24 படத்தில் சமாளிக்கிறதே என்பீர்கள். அங்கே ஸ்டியரிங் உங்கள் கையில் இல்லையே!)

செட்டிங்ஸைத் திறந்து ஆடிட் ஆரம்பித்தேன்.

முதல் ஊதாரி, நிழல். வெளிச்சம் எங்கே படவில்லை என்று கண்டுபிடிக்க, வெளிச்சம் வரும் இடத்திலிருந்து காட்சியை இன்னொரு தரம் வரைகிறது. குறைத்தேன். அடுத்து புல். திருவொற்றியூரில் இத்தனை வருஷம் புல்லைப் பார்த்தா வாழ்ந்தோம்? வெட்டு! படிக்கட்டு மாதிரி தெரியும் ஓரங்களை மழமழப்பாக்கும் எம்.எஸ்.ஏ.ஏ.; அதுவும் ரத்து. சுவர், சட்டையின் நயத்தைக் காட்டும் டெக்ஸ்சர், கார்டின் மெமரியில் இடம் இருக்கிறவரை வேகத்தை அதிகம் தின்னாது. பிழைத்துப் போ.

கடைசியில் ரெசல்யூஷன். 1920-க்கு 1080 என்றால் 20 லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். 1280-க்கு 720 என்றால் 9 லட்சத்துச் சொச்சம்தான். மாற்றினேன். படம் கொஞ்சம் மங்கியது, கார் சீறியது!

அரை மணியில் மறுபடி திக்கல். சூடேறினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். கரண்ட்டை நிறுத்தி, பெட்டியைத் திறந்தால் ஃபேன் முழுக்க லாரிப் புழுதி. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன்.

அப்புறமும் ஊர் நடுவே 60, 40, 50 என்று ஏறி இறங்கியது. வி-சிங்க்கில் 'பாதி' என்று ஒன்று உண்டு. எங்கள் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அது 30-லேயே பூட்டிவிடும். ஏறி இறங்கும் வருமானத்தைவிட, குறைச்சலானாலும் நிலையான வருமானம் சுகம். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன் சொல்கிறேன், நம்புங்கள்.

பையன் நாலு தெரு தாண்டி போலீஸை ஏமாற்றினான். முகமெல்லாம் பல்.

"சூப்பர் மாமா! அப்ப கார்டுக்கு வெச்சிருந்த இருவதாயிரம் மிச்சம்தானே? பைக்குக்கு அட்வான்ஸ் குடுத்துடலாமா?"

இல்லாத பணத்தை மிச்சம் பிடித்தது என் தப்பு.