பூச்சிமருந்து அடிக்கும் நாள்... தவறு நுழையும் 4 இடங்கள்!

"பார்த்து அடிங்க, கவனமா இருங்க!" தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி பக்கம் தக்காளித் தோட்டத்துக்கும் பூந்தோட்டத்துக்கும் மருந்தடிக்கக் கிளம்புகிறவர்களிடம் வீட்டில் சொல்லி அனுப்பும் வார்த்தை இதுதான். ஆனால், கவனம் மட்டும் போதாது. எவ்வளவு நிதானமான ஆளும் வெயிலில் களைத்துப்போவார், மறப்பார், அவசரப்படுவார். அதனால், 'யார் தவறு செய்தார்?' என்பதைவிட, 'தவறு எங்கே நுழையலாம்?' என்று முன்கூட்டியே கேட்பதுதான் உயிரைக் காக்கும்.

பிரிட்டன் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் இதை ஓட்டை விழுந்த பாலாடைக்கட்டித் துண்டுகளை உதாரணம் காட்டி விளக்கினார். ஒவ்வொரு பாதுகாப்பிலும் ஓர் ஓட்டை இருக்கும். எல்லா ஓட்டைகளும் ஒரே நேர்கோட்டில் வந்துவிட்டால் விபத்து!

2013 ஜூலை 16 அன்று, பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். அந்த உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது ஆய்வில் தெரிந்தது. எண்ணெயில் ஏதோ வாடை வருவதாகச் சமைத்தவர் சொல்லியும் சமையல் நிற்கவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. விஷம் சமையல் பொருளோடு சேர்ந்தது முதல் ஓட்டை. சந்தேகம் வந்தும் வேலையை நிறுத்தாதது அடுத்த ஓட்டை.

மருந்தடிக்கும் வேலையையும் இப்படிப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. வாங்கும்போது: லேபிளில் உள்ள நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் கடும் நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என வீரியம் குறையும். பச்சை என்றாலும் அது விஷம்தான். பில் இல்லாமல், வேறு பாட்டிலில் ஊற்றித் தரும் மருந்தை வாங்கவே கூடாது.

2. கலக்கும்போது: 'லிட்டருக்கு இவ்வளவு' என்பதும் 'ஏக்கருக்கு இவ்வளவு' என்பதும் எளிதில் குழம்பும். உங்கள் டேங்க்குக்கு எத்தனை மில்லி என்று முதல் நாளே கணக்குப் போட்டு எழுதி வையுங்கள். மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல் இருக்க, அளவுக் குவளையை டேங்க்கிலேயே கட்டிவிடலாம்.

3. அடிக்கும்போது: நாசில் அடைத்துக்கொண்டால், வாய் வைத்து ஊதுவதுதான் பெரிய ஆபத்து. பழைய டூத் பிரஷ், மாற்று நாசில் இரண்டும் பையில் இருந்தால் வாய் வைக்கும் அவசியமே வராது. காற்றுக்கு எதிராக நின்று அடிக்கக் கூடாது.

4. மீந்ததை வைக்கும்போது: குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்த மருந்தைக் குழந்தை ஜூஸ் என்றுதான் நினைக்கும். மருந்து அதன் சொந்த பாட்டிலில், பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். காலி டப்பாவை மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரை டேங்க்கிலேயே ஊற்றுங்கள். பிறகு டப்பாவில் ஓட்டை போட்டுவிட்டால், யாரும் அதில் எண்ணெயோ தண்ணீரோ பிடிக்க முடியாது.

பூட்டு, குவளை, ஓட்டை போட்ட டப்பா... இவை எதுவும் யாருடைய ஞாபகத்தையும் நம்பியிருக்கவில்லை. ஒருவர் மறந்தாலும் இவை தடுக்கும்.

தலைச்சுற்றல், வாந்தி, கண் மங்கல், அதிக வியர்வை வந்தால், 'இந்த ஒரு டேங்க்கை முடிச்சுடலாம்' என்று நினைக்காமல் உடனே நிறுத்துங்கள். மருந்து பட்ட துணியை மாற்றி, சோப்பு போட்டுக் கழுவி, 108-ஐ அழையுங்கள். லேபிளோடு மருந்து பாட்டிலையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் சிகிச்சை வேகமாகும்.

எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்ற சந்தேகத்துக்கு, பாப்பாரப்பட்டியிலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. போனில் கேட்க, கிசான் கால் சென்டர் எண்: 1800-180-1551.