ஐ.பி. முகவரி ஆளைக் காட்டுமா?

"ஐ.பி. முகவரியை வைத்து ஆளைக் கண்டுபிடித்த காவல்துறை" என்பது செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும் வாசகம். படித்துவிட்டு நாமும் கடந்து போகிறோம். வீட்டுக்குக் கதவு எண் இருப்பது போல இணைய இணைப்புக்கும் ஓர் எண் இருக்கிறது, எண் கிடைத்துவிட்டால் ஆளும் கிடைத்த மாதிரிதான் என்பதே பலருடைய எண்ணம். தொலைபேசிக் கம்பி வழியாக பிராட்பேண்ட் வந்த நாட்களில் இது ஓரளவு உண்மையாகவும் இருந்தது. மோடம் ஓடிக்கொண்டிருக்கும் வரை அந்த எண் அந்த ஒரு வீட்டுக்கு மட்டுமே உரியது.

இன்று நிலைமை வேறு. 2023 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஏர்டெல்லும் ஜியோவும் அடுத்தடுத்து 'ஏர்ஃபைபர்' என்று வீட்டுக்கான 5ஜி இணையத்தைத் தொடங்கின. மாடியில் ஒரு பெட்டி, கூடத்தில் ஒரு ரவுட்டர், அவ்வளவுதான். கம்பி இழுக்க வேண்டியதில்லை என்பதால் சிற்றூர்களுக்கும் இது வேகமாகப் போய்ச் சேர்கிறது. ஆனால் மொபைல் கோபுரத்திலிருந்து வரும் இத்தகைய இணைப்புகளில் பொதுவாக ஒரு வீட்டுக்கென்று தனியான பழைய வகை ஐ.பி. எண் கிடைப்பதில்லை. முன்பின் தெரியாத பல வீடுகளோடு சேர்ந்து ஒரே எண்ணில்தான் நாம் வெளியுலகுக்குத் தெரிகிறோம்.

காரணம் எளிது, எண்கள் தீர்ந்துவிட்டன. ஐ.பி.வி4 எனப்படும் பழைய முறையில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள்தாம். உலக அளவில் அவற்றைப் பங்கிடும் அமைப்பான ஐயானா தன்னிடமிருந்த கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரியில் கொடுத்து முடித்தது. நம்முடைய ஆசிய பசிபிக் வட்டாரத்தில் அதே ஆண்டு ஏப்ரலிலேயே பற்றாக்குறை வந்துவிட்டது. இணையத்துக்கு முன்பே வந்த நாடுகள் எண்களை மூட்டை மூட்டையாக வாங்கி வைத்துக்கொண்டன. தாமதமாக வந்த ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளுக்கு மிச்சம்தான் கிடைத்தது. எனவே நிறுவனங்கள் 'சி.ஜி.நாட்' என்ற ஏற்பாட்டைக் கையில் எடுத்தன.

ரேஷன் கடை டோக்கனை நினைத்துக்கொண்டால் இந்த ஏற்பாடு புரிந்துவிடும். நிறுவனத்தின் பெரிய கருவி ஒன்று வாசலில் நிற்கிறது. நம் வீட்டிலிருந்து ஓர் இணையதளத்தைத் திறந்ததும் அந்தத் தொடர்புக்கு ஒரு டோக்கன் போடப்படுகிறது. தொழில்நுட்பத்தில் இதற்குப் பெயர் போர்ட் எண். ஓர் ஐ.பி. முகவரிக்கு 65,536 போர்ட் எண்கள் உண்டு. அவற்றைத்தான் பல வீடுகளும் பங்குபோட்டுக் கொள்கின்றன. நம் வேலை முடிந்ததும் அந்த டோக்கன் சிறிது நேரத்தில் வேறொருவர் கைக்குப் போய்விடும். ஆக, வெளியே தெரியும் ஐ.பி. எண் கடையின் பெயர் மட்டுமே. வாங்கியவர் யார் என்பது டோக்கனில்தான் இருக்கிறது.

இதனால் வரும் சில்லறைத் தொல்லைகளைப் பலரும் அனுபவித்திருப்பார்கள். ஒன்றுமே செய்யாதவரிடம் ஓர் இணையதளம் "நீங்கள் மனிதர்தானா?" என்று கேட்டுப் பேருந்துப் படங்களையும் போக்குவரத்து விளக்குகளையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும். "உங்கள் முகவரியிலிருந்து அளவுக்கு மீறிய கோரிக்கைகள் வருகின்றன" என்று சில தளங்கள் கதவைச் சாத்திவிடும். வளைகுடாவில் இருந்தபடியே ஊர் வீட்டு வாசல் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, வீட்டில் கம்பி இணைப்பை மாற்றி 5ஜி பெட்டி வைத்த அன்றே படம் நின்று போயிருக்கும். கேமராக்காரர் வந்து கேமராவைக் கழற்றி மாட்டுவார், பணமும் வாங்கிக்கொள்வார். பழுது கேமராவில் இல்லை. வெளியிலிருந்து அந்த வீட்டைத் தேடி வரும் தொடர்புக்கு, ஒரே எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பல வீடுகளில் எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியாது.

ஒருவர் செய்ததற்கு எல்லோரும் தண்டனை அனுபவித்த பெரிய நிகழ்வு கத்தாரில் நடந்தது. 2007 புத்தாண்டு வேளையில், விஷமத் திருத்தங்கள் செய்த ஓர் ஐ.பி. முகவரியை விக்கிபீடியாவின் நிர்வாகி ஒருவர் வழக்கம்போலத் தடை செய்தார். அன்று கத்தாரின் இணையப் போக்குவரத்து ஏறக்குறைய முழுவதும் அந்த ஓர் எண் வழியாகவே போய்க்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பயனர் கணக்கு இல்லாமல் திருத்தம் செய்யும் வாய்ப்பு ஒரு நாட்டுக்கே சில மணி நேரம் இல்லாமல் போனது. இன்றைக்கும் இந்தப் போக்கு மாறிவிடவில்லை. இப்படிப் பகிரப்படும் எண்களிலிருந்து வருவோர் மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகக் கட்டுப்படுத்தப்படுகிறார்கள் என்று கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2025இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. எண் பஞ்சம் உள்ள நாடுகளின் மக்களே இதில் அதிகம் அடிபடுகிறார்கள்.

இவை பொறுத்துக்கொள்ளக் கூடியவை. காவல் நிலையத்தின் படியேற வேண்டி வந்தால் அப்படிப் பொறுத்துக்கொள்ள முடியாது.

2007இல் பெங்களூருவில் பணியாற்றிய மென்பொருள் ஊழியர் ஒருவரைப் புனே காவல்துறை கைது செய்தது. ஆர்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்திப் பதிவிட்டார் என்பது புகார். கூகுள் ஓர் ஐ.பி. முகவரியைக் கொடுத்தது. அந்த எண்ணுக்குரியவர் யார் என்று கேட்டதற்கு இணைய சேவை நிறுவனம் தவறான வாடிக்கையாளரைக் காட்டியது. அந்தப் பதிவுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அது தெளிவாகி அவர் வெளியே வருவதற்குள் சுமார் 50 நாட்கள் சிறையில் கழிந்துவிட்டன. ஓர் எண் ஒரு வீட்டுக்கு என்றிருந்த காலத்திலேயே இந்தப் பிழை நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு, 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் ஐ.பி. முகவரி நவி மும்பையின் சான்பாடாவில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டைக் காட்டியது. அவருடைய கணினிகள் கைப்பற்றப்பட்டன, விசாரணை நடந்தது. பாதுகாப்பில்லாமல் இருந்த அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள் என்ற முடிவுக்குக் காவல்துறை வந்தது. விசாரணை முடிவதற்குள் அவர் நாட்டை விட்டு வெளியேறியது தனிச் சர்ச்சையானது. அவர் நிரபராதி, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த எண் சான்பாடாவுக்குப் பதிலாக மும்ப்ராவிலோ மேலப்பாளையத்திலோ ஓர் இளைஞரின் அறையைக் காட்டியிருந்தால், "வைஃபை திறந்து கிடந்தது" என்ற விளக்கம் அத்தனை சீக்கிரம் காதில் ஏறியிருக்குமா? நம் வாசகர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று கேள்வி ஒரு வீட்டின் வைஃபையைப் பற்றியது. இன்று எண்ணே பல வீடுகளுக்குப் பொதுவாகிவிட்டது. சரியான ஆளை அடையாளம் காண ஐ.பி. எண்ணோடு போர்ட் எண்ணும், நொடி பிசகாத நேரமும் வேண்டும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் நிறுவனத்தால் ஒரு பெயரைச் சொல்ல முடியாது, அந்த எண்ணுக்குப் பின்னால் அப்போது இருந்த எல்லோருடைய பட்டியலைத்தான் கொடுக்க முடியும். இணையதளங்கள் போர்ட் எண்ணையும் சேர்த்துப் பதிய வேண்டும் என்ற பரிந்துரை 2011 ஜூனிலேயே வந்துவிட்டது. பெரும்பாலான தளங்கள் இன்றும் ஐ.பி. எண்ணையும் நேரத்தையும் மட்டுமே பதிகின்றன. அந்த நேரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டுத் தளங்களின் பதிவுகள் பெரும்பாலும் சர்வதேசப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. மாற்றிக் கணக்கிட மறந்தால், காலையில் ஒருவர் செய்ததற்கு நள்ளிரவில் தூங்கிக்கொண்டிருந்தவர் பொறுப்பாவார்.

நம் நாட்டு விதிகள் பதிவுகளைச் சேர்த்து வைப்பதில் குறை வைக்கவில்லை. இணைய இணைப்பு விவரங்களைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2021 டிசம்பரில் உரிம நிபந்தனையைத் திருத்தியது. பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும், கணினிகளின் கடிகாரங்களை அரசு நேரத்தோடு பொருத்த வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. எல்லாம் சரி, ஆனால் எதிர்முனையில் உள்ள வெளிநாட்டுத் தளம் போர்ட் எண்ணைப் பதியவில்லை என்றால் இங்கே இரண்டு ஆண்டுப் பதிவுகள் இருந்தும் பூட்டுக்குச் சாவி கிடைத்ததாகாது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷ்ய அதிநியத்தின் 63ஆவது பிரிவு, மின்னணு ஆவணங்களுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அந்த ஆவணம் முறையாக எடுக்கப்பட்டது, திருத்தப்படவில்லை என்பதற்கே அந்தச் சான்று. விசைப்பலகையில் விரல் வைத்தவர் யார் என்பதை அது சொல்லாது. வழக்கறிஞர்களே சில நேரங்களில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் ஒரு திரைப்படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவிறக்கியதாக, ஒரு பராமரிப்பு இல்லத்தின் இணைய இணைப்பு யார் பெயரில் இருந்ததோ அவர் மீது வழக்குப் போட்டார்கள். அங்கே தங்கியிருப்போரும் வந்து போவோரும் அந்த வைஃபையைப் பயன்படுத்தக் கூடியவர்கள். இணைப்பு ஒருவர் பெயரில் இருக்கிறது என்பது மட்டும் அவரைக் குற்றவாளியாக்கப் போதாது என்று 9ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் தெளிவாகச் சொன்னது. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலோ வேறு திசையிலிருந்து இதே சிக்கலுக்கு வந்தது. ஒரே எண்ணைப் பலர் பகிர்வதால் உண்மைக் குற்றவாளிகள் தப்புகிறார்கள், சம்பந்தமில்லாதவர்கள் விசாரணை வளையத்துக்குள் வருகிறார்கள், எனவே இந்த ஏற்பாட்டைக் கைவிட வேண்டும் என்று 2017 அக்டோபரில் அது குரல் கொடுத்தது. பெல்ஜியத்தில் ஓர் எண்ணை 16 வாடிக்கையாளருக்கு மேல் பகிர்வதில்லை என்று நிறுவனங்கள் தாமாகவே ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கின்றன. இங்கே ஓர் எண்ணுக்கு எத்தனை பேர் என்று வாடிக்கையாளரிடம் யாரும் சொல்வதில்லை.

இதற்கு நிரந்தரத் தீர்வு ஐ.பி.வி6. அதில் எண்களுக்குப் பஞ்சமே கிடையாது, வீட்டுக்கு வீடு தனித் தொகுதியே கொடுக்கலாம். இந்தியாவின் மொபைல் நிறுவனங்கள் இதில் உலக அளவில் முன்வரிசையில் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் போய்ச் சேரும் இணையதளமும் ஐ.பி.வி6இல் இருந்தால்தான் பலன். பழைய முறையிலேயே ஓடும் தளங்களுக்குப் போகும்போது மீண்டும் அந்தப் பொது வாசல் வழியாகத்தான் போக வேண்டும். ஐ.பி.வி6 வந்தாலும் எண் வீட்டைத்தான் காட்டும். வீட்டில் பத்துப் பேர் இருந்தால் அதில் யார் என்று காட்டாது.

உங்கள் இணைப்பு எந்த வகை என்று நீங்களே பார்த்துவிடலாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'வான்' என்ற இடத்தில் உள்ள எண் 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினாலோ நீங்கள் பகிர்ந்த எண்ணில் இருக்கிறீர்கள். கேமரா, அலுவலக வேலை போன்றவற்றுக்குத் தனி எண் தேவைப்பட்டால் 'நிலையான ஐ.பி.' கிடைக்குமா என்று நிறுவனத்தைக் கேட்கலாம். சில திட்டங்களில் தனிக் கட்டணத்துக்குக் கிடைக்கும், சிலவற்றில் கிடைக்கவே கிடைக்காது. இணைப்பு வாங்கும் முன் கேட்பது நல்லது. வைஃபை கடவுச்சொல்லை மாடிக் குடித்தனக்காரருக்கும் எதிர்க் கடைக்கும் கொடுத்து வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். விருந்தினருக்குத் தனி வைஃபை அமைக்கும் வசதி இப்போது பெரும்பாலான ரவுட்டர்களில் இருக்கிறது.

ஐ.பி. முகவரியைக் காட்டி விசாரணைக்கு அழைப்பு வந்தால் பதற்றத்தில் ரவுட்டரையோ மொபைலையோ அழித்துத் துடைக்க வேண்டாம், அதுவே சந்தேகத்தை வளர்க்கும். வழக்கறிஞருடன் போங்கள். அவர் கேட்க வேண்டியவை: இணையதளம் கொடுத்த பதிவில் போர்ட் எண் இருக்கிறதா, நேரம் எந்த நாட்டுக் கணக்கில் இருக்கிறது, அதே நொடியில் அதே எண்ணில் இருந்த மற்ற வாடிக்கையாளர்கள் எத்தனை பேர். இந்தக் கேள்விகளை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள்.