கையால் செய்த வாழ்த்து அட்டைக்கு என்ன விலை?

மும்பையின் ஆண்டாப் ஹில் பகுதியில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளும், அடுக்குமாடிச் சங்கங்களும், ஒற்றை அறை வீடுகள் நெருங்கிய சந்துகளும் அருகருகே அமைந்துள்ளன. இம்மூன்றிலும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் குடியிருப்பு வளாகங்களில் சிறு விற்பனை மேசைகள் போடப்படுகின்றன. முறுக்கு, அகல் விளக்கு, துணிப்பை ஆகியவற்றோடு அண்மைக்காலமாக அம்மேசைகளில் இன்னொரு பொருளும் இடம்பெறுகிறது. ரப்பர் முத்திரையும் வண்ண மையும் கொண்டு வீட்டிலேயே செய்த வாழ்த்து அட்டைகளே அவை. அவற்றின் விலையைக் கேட்டால் முப்பது ரூபாய், நாற்பது ரூபாய் என்று விடை வருகிறது. அதைக் கேட்ட பின்னும், ‘இருபதுக்குத் தாருங்கள்’ என்போர் இருக்கின்றனர்.

இந்த அட்டைகளை மனத்திற்கினிய பொழுதுபோக்காக மட்டும் கருதுவது வழக்கம். அவை உழைப்பின் விளைவும் ஆகும் என்பதும், அந்த உழைப்பு இன்று கணக்கில் எழுதப்படாமலே போகிறது என்பதும் நம் கருத்து.

அட்டை எவ்வாறு உருவாகிறது என்பதை அறிந்தால்தான் அதன் விலையைப் பற்றிப் பேச முடியும். முதலில் 250 முதல் 300 ஜிஎஸ்எம் வரை கனமுள்ள தாளை அளந்து வெட்ட வேண்டும். மடிக்கும் இடத்தில் மழுங்கிய முனையால் கோடு அழுத்திய பின்னரே மடிக்க வேண்டும். இல்லையெனில் தாள் வெடித்து விளிம்பு பிசிறாகும். பின்னர் முத்திரையில் மையைச் சீராக ஒற்றி, அசையாமல் அழுத்தி, நேராகத் தூக்க வேண்டும். மயிரிழை அசைந்தாலும் உருவம் இரட்டையாகப் பதியும். அந்தத் தாள் வீண்.

மையிலும் வேறுபாடுகள் உண்டு. சாயவகை மை தாளுக்குள் ஊறி விரைவில் உலரும். ஆனால் வெயில் பட்டால் வெளிறும். நிறமி மை தாளின் மேற்பரப்பில் தங்கி மெதுவாக உலரும். நிறம் நீடித்து நிற்கும். புடைப்பு எழுத்து வேண்டுமெனில் உலராத நிறமி மையின்மேல் அதற்குரிய பொடியைத் தூவி, வெப்பக்காற்றுக் கருவியால் உருக்க வேண்டும். அலுவலக ஸ்டாம்பு பேடில் உள்ள மையைக் கைவினைத் தாளில் இட்டால் ஓரங்கள் பரவிக் கசியும். மும்பையின் மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் மையை எளிதில் உலர விடாது. உலர்ந்த அட்டையும் நெளிந்துகொள்ளும். ஆகவே தீபாவளி அட்டைக்கான வேலையை மழை விலகும்வரை தள்ளிப்போட்டு, எஞ்சிய சில வாரங்களில் இரவு பகலாகச் செய்பவர்கள் உள்ளனர்.

தமிழில் வாழ்த்து எழுத விரும்புவோர்க்கு மற்றொரு வேலையும் சேர்கிறது. கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் வாழ்த்து முத்திரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. ‘பொங்கல் நல்வாழ்த்துகள்’ என்ற சொற்களை ரப்பர் ஸ்டாம்பு செய்யும் கடையில் தனியே சொல்லிச் செய்ய வேண்டும். அல்லது அழிப்பானில் எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். ‘ழ்’ என்னும் எழுத்தைத் தலைகீழாகச் செதுக்கிப் பார்த்தவர்க்கே அதன் அருமை தெரியும். பள்ளி நாளில் வெண்டைக்காயை நறுக்கி மையில் தோய்த்து ஐந்திதழ்ப் பூப் பதித்த பழக்கம் நம்மில் பலர்க்கு உண்டு. இக்கலை அங்கிருந்து தொடங்குவதுதான். ஆனால் விற்பனைக்குரிய செம்மையை அடைய நெடுநாள் பயிற்சி தேவை.

வங்கிப் பணியில் இருக்கும் நமக்கு முத்திரை அன்றாடக் கருவி. காசோலையில் முத்திரை இடும்போது தேதி, பெறுநர் பெயர், தொகை, கையொப்பம் ஆகியவற்றை அது மறைக்கலாகாது என்பது விதி. வாழ்த்து அட்டைக்கும் அவ்விதி பொருந்தும். பூவும் பொட்டும் தாள் முழுவதையும் நிறைத்து, அனுப்புகிறவர் நான்கு வரி எழுத இடமில்லாமல் செய்துவிட்டால் அது வெறும் படமாகிவிடும். நல்ல அட்டை, எழுதுகிறவருக்கு இடம் விட்டுக் காத்திருக்கும்.

வாழ்த்து அட்டையின் விலை என்னும் சிக்கல் புதியதன்று. இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டு ஒரு பென்னி அஞ்சற்கட்டணம் நடைமுறைக்கு வந்தது. அச்சீர்திருத்தத்தில் பணியாற்றிய ஹென்றி கோல் என்பவர், 1843ஆம் ஆண்டு ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியைக் கொண்டு ஒரு கிறிஸ்துமஸ் அட்டையை வரைவித்தார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று அது போற்றப்படுகிறது. கோடுகளை அச்சிட்ட பின் வண்ணங்களைக் கையால் தீட்டினர். அதன் விலை ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்னி. அஞ்சற்கட்டணத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு. கைவேலைக்கு உரிய விலையை வைத்தபோது அது எளியோர்க்கு எட்டாத பொருளாயிற்று. பின்னர் வண்ண அச்சு மலிந்த பிறகே வாழ்த்து அட்டை எல்லார் கைக்கும் வந்தது.

நம் நாட்டிலும் பொங்கல் வாழ்த்து அட்டையை மலிவாக்கி ஊரெங்கும் பரப்பியவை சிவகாசி முதலிய இடங்களின் அச்சகங்களே. கரும்பும் காளையும், தெய்வத் திருவுருவங்களும், தலைவர்களும், திரை நட்சத்திரங்களும் அவற்றில் இடம்பெற்றனர். மார்கழி பிற்பாதியில் அஞ்சல்காரர் வருகைக்குப் பிள்ளைகள் காத்திருந்த காலம் அது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் ஆண்டாப் ஹில்லிலும் குடியேறிய தமிழர்க்கு ஊரிலிருந்து வந்த அட்டை, ‘உன்னை மறக்கவில்லை’ என்பதற்குச் சான்றாக விளங்கியது. கைப்பேசி வந்தபின் அவ்வழக்கம் தேய்ந்தது. ஒரே படம் ஒரே நொடியில் இருநூறு பேருக்குப் போய்ச் சேரும் இக்காலத்தில், அட்டைக்கு மலிவு இனி ஒரு சிறப்பாக இருக்க முடியாது. கைப்பேசிச் செய்தியைவிட மலிவான வாழ்த்து ஏது? எனவே இன்று கையால் செய்த அட்டையை ஒருவர் வாங்குவது, ஒரு மனிதர் செலவிட்ட நேரத்திற்காகவே. அந்த நேரத்தின் விலைதான் கணக்கில் விடுபடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அட்டைத்தாள் 8 ரூபாய், உறை 4 ரூபாய், மையும் முத்திரைத் தேய்மானமும் 5 ரூபாய், நாடா 3 ரூபாய், மேலுறை 2 ரூபாய் எனக் கொண்டால் ஓர் அட்டைக்குப் பொருட்செலவு 22 ரூபாய். விற்கும் விலை 40 ரூபாய். மிச்சம் 18 ரூபாய் என்று மகிழ்கிறோம். ஆனால் வெட்டி, மடித்து, முத்திரையிட்டு, வண்ணம் தீட்டி, உறையிலிட 40 நிமிடம் ஆகிறது என்றால், ஒரு மணி நேர உழைப்பிற்குக் கிடைப்பது 27 ரூபாய். மும்பையில் அத்தொகைக்கு ஒரு வடாபாவும் ஒரு கட்டிங் சாயும் கிடைத்தால் பெரிது.

கணக்கு அத்துடன் முடியவில்லை. 50 அட்டைகள் செய்து 40 விற்று, 10 தேங்கிவிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். தை முதல் நாள் கடந்த பொங்கல் அட்டைக்கு அடுத்த ஆண்டுவரை கேட்பாரில்லை. வரவு 1,600 ரூபாய். பொருட்செலவு 1,100 ரூபாய். மீதி 500 ரூபாய். செலவிட்ட நேரம் 33 மணி 20 நிமிடம். ஒரு மணி நேரத்திற்கு 15 ரூபாய்! ஐந்தில் ஓர் அட்டை தேங்கியதால் கூலி ஏறத்தாழப் பாதியாகிவிட்டது.

‘மனநிறைவிற்காகச் செய்கிறோம்; இதில் கூலி எதற்கு?’ என்று கேட்போர் உண்டு. அவர்கள் கூற்றில் உண்மை இருக்கிறது. பேத்திக்கும் தோழிக்கும் செய்து கொடுக்கும் அட்டைக்குக் கணக்கு வேண்டியதில்லை. அங்கே நேரம்தான் பரிசு. ஆனால் அட்டையை மேசைமீது வைத்து விலைச்சீட்டு ஒட்டிய கணத்தில் அது சந்தைக்கு வந்துவிடுகிறது. சந்தையில் நாம் தனியாக இல்லை. கணவர் ஊதியமோ ஓய்வூதியமோ உள்ள வீட்டில் ஒருவர் பொழுதுபோக்காகச் செய்து முப்பது ரூபாய்க்கு விற்கும் அட்டை, அடுத்த சந்தில் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்காக அதே அட்டையைச் செய்யும் பெண்ணின் விலையையும் முப்பதாக்கிவிடுகிறது. முன்னவர்க்கு அது இழப்பன்று. பின்னவர்க்கு அதுவே வருமானம். ஆண்டாப் ஹில் போன்று இருவகை வீடுகளும் ஒரே தெருவின் இருபுறம் அமைந்த இடத்தில் இதை எண்ணிப் பார்க்காமல் இருக்கலாகாது. குறைத்து விற்பதைத் தாராள மனம் என்று எண்ணிவிடுகிறோம். அதன் செலவை ஏற்பவர் வேறொருவர்.

அப்படியானால் உரிய விலை என்ன? மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஒரு மணி நேரத்திற்கு 100 ரூபாய் கூலி வேண்டுமெனில், தேங்கும் அட்டைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், அட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ 111 ரூபாய் வரும். ‘அவ்வளவு கொடுத்து யார் வாங்குவார்?’ என்ற கேள்வி எழும். அதற்கு வேலை முறையில் விடை உண்டு. ஒவ்வொன்றாகச் செய்யாமல் பத்துத் தாள்களை ஒருசேர வெட்டி, பத்திலும் ஒரே முத்திரையை இட்டு, ஒருசேர உலர்த்தலாம், வடிவத்தை எளிதாக்கலாம். நேரம் 40 நிமிடத்திலிருந்து 20 நிமிடமாகக் குறைந்தால் விலை 70 ரூபாயாக இறங்கும்; கூலி குறையாது. முன்கூட்டியே ஆர்டர் பெற்றுச் செய்தால் தேக்கமும் குறைந்து விலை இன்னும் இறங்கும். விலையைக் குறைக்க வேண்டுமெனில் இவ்வழிகளில் குறைக்கலாம். கூலியில் கை வைக்கலாகாது.

வாங்குவோர்க்கும் பொறுப்புண்டு. இதே மும்பையில் 1979ஆம் ஆண்டு ரிப்பன் கபூர் என்னும் இளைஞர், நண்பர்களுடன் சேர்ந்து, 50 ரூபாயைத் தொடக்க நிதியாகக் கொண்டு ‘க்ரை’ என்னும் குழந்தைகள் நல அமைப்பை நிறுவினார். தொடக்கக் காலத்தில் அவ்வமைப்பு நிதி திரட்டிய முக்கிய வழிகளுள் வாழ்த்து அட்டை விற்பனையும் ஒன்று. கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்று தெரிந்தால் வாங்குவோர் அட்டையை வெறும் தாளாகப் பார்ப்பதில்லை. வீட்டில் அட்டை செய்வோரும் இதைப் பின்பற்றலாம். ‘கையால் முத்திரையிட்டு வண்ணம் தீட்டியது, நேரம் 20 நிமிடம்’ என்று அட்டையின் பின்புறம் ஒரு வரி எழுதிவைத்தால், பேரம் பேச வாய் திறப்பவரும் சற்றே தயங்குவார். குடியிருப்புச் சங்கங்களும், வங்கிகள் உள்ளிட்ட அலுவலகங்களும் பண்டிகைக் காலத்தில் வழங்கும் அட்டைகளில் ஒரு பகுதியையேனும் இத்தகைய கைகளிடமிருந்து முன்கூட்டியே ஆர்டர் கொடுத்து வாங்கினால், அதைவிடப் பெரிய ஊக்கம் வேறில்லை.

இறுதியாக, வங்கி அலுவலர் என்ற முறையில் ஒரு சொல். இத்தொழிலைத் தொடங்கக் கடன் வாங்க வேண்டாம் என்பதே நம் கருத்து. முதல் ஐம்பது அட்டைகளுக்கு வேண்டிய தாளையும் மையையும் சேமிப்பிலிருந்தே வாங்கலாம். இரண்டு நல்ல முத்திரைகளும் மூன்று வண்ண மையும் போதும். காண்பதையெல்லாம் வாங்கிக் குவித்தால் அட்டை விற்கும் முன்னரே முதல் முடங்கிவிடும். வரவு செலவிற்கென்று ஒரு தனிச் சேமிப்புக் கணக்கும் கியூஆர் குறியீடும் வைத்துக்கொண்டால், வீட்டுச் செலவோடு இப்பணம் கலவாது. ஒரு நோட்டில் பொருட்செலவு, நேரம், தேக்கம் ஆகிய மூன்றையும் அட்டைக்கு அட்டை எழுதிவர வேண்டும். உத்யம் பதிவிற்குக் கட்டணம் இல்லை, அதையும் செய்துகொள்ளலாம்.

கையில் உறுதியான ஆர்டர் வந்து, அதை நிறைவேற்ற முதல் போதாத நிலையில் கடனை நாடுவது முறை. 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கப்பட்ட பிரதமர் முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையமின்றிக் கடன் பெற வழியுண்டு. பத்துப் பேர் சேர்ந்து சுய உதவிக் குழுவாக இயங்கினால், 1992ஆம் ஆண்டு நபார்டு தொடங்கிய வங்கி இணைப்புத் திட்டத்தின் வழியாகவும் அணுகலாம். அப்போது கிளை மேலாளர் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான். அதில் நேரத்திற்கான கூலி எழுதப்பட்டிருந்தால், கடன் தவணை எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கும் விடை அதிலேயே இருக்கும். மணிக்குப் பதினைந்து ரூபாய் ஈட்டும் தொழிலுக்குக் கொடுக்கும் கடன், உதவியாகாது, சுமையாகும்.

வரும் பண்டிகைக்கு வாசகர்கள் ஓர் அட்டையேனும் கையால் செய்து ஒருவர்க்கு அனுப்ப வேண்டும் என்று விரும்புகிறோம். செய்யத் தெரியாதவர் அருகிலுள்ள ஒருவரிடம் வாங்கி, அதில் நான்கு வரி தம் கையால் எழுதி அனுப்பலாம். சாதாரணக் கடிதத்திற்கு 20 கிராம்தான் அடிப்படை எடை. மணியும் கண்ணாடியும் ஒட்டிய கனமான அட்டையை எடை பார்த்து அஞ்சல்தலை ஒட்டுவது நல்லது. முகவரியில் பின்கோடு எழுத மறக்க வேண்டாம். ஆண்டாப் ஹில்லுக்கு 400037. அட்டையை வாங்கும்போது விலையைக் குறைக்கக் கேட்பதற்குப் பதிலாக, ‘இதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆயிற்று?’ என்று கேட்டுப் பாருங்கள். விடையைக் கேட்டபின் கொடுக்க வேண்டிய தொகை உங்களுக்கே விளங்கும்.